சிறு வள்ளம் யார் கணக்கில்?

மீன்பிடி அபிவிருத்தி என்ற பேச்சை யார் தொடங்கினாலும் துறைமுகம், ஏற்றுமதி, அந்நியச் செலாவணி என்ற மூன்று சொற்களும் முதலில் வந்து நிற்கும். அமைச்சர்கள் மாறுகின்றனர், அரசாங்கங்கள் மாறுகின்றன; இம்மூன்று சொற்களும் மாறுவதில்லை. பிடித்த மீனை யார் உண்கிறார்கள், பிடித்தவர் வீட்டு அடுப்பில் அன்று என்ன வேகுகிறது என்ற கேள்விகள் நேரமிருந்தால் பார்ப்போம் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவையாகவே இருந்து வருகின்றன. மீன்பிடிக் கொள்கை இக்கேள்விகளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது நமது எண்ணம்.

கிராமிய அபிவிருத்தி பற்றிய ஏடொன்றில் கொழும்பைப் பற்றி எழுதுவதா என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்திலும் மட்டக்குளியிலும் காக்கைத்தீவிலும் வாழும் கடற்றொழிலாளர் குடும்பங்களை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். மாநகர எல்லைக்குள் குடியிருந்தாலும் அவர்களுடைய நாட்காட்டி கடலின் நாட்காட்டியே. வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தால் புரட்டாசி வரை மேற்குக் கரையில் சிறு வள்ளத்துக்கு நிச்சயமான நாள் என்று ஒன்று இல்லை. அந்த மாதங்களில் நகையும் வலையும் அடகுக்குப் போகும். முதலாளியிடம் முற்பணம் வாங்கப்படும். ஐப்பசியில் கடல் தணிந்ததும் வரும் மீன் அந்த முற்பணத்துக்கே போய்ச் சேரும். விலையை வாங்குபவரே தீர்மானிப்பார். முல்லைத்தீவிலும் மன்னாரிலும் சம்மாட்டியாருக்கும் தொழிலாளிக்கும் இடையே நாம் காணும் அதே கட்டு, கொழும்புத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும் தூரத்திலும் இருக்கிறது.

வெள்ளவத்தையில் நிலைமை வேறு. அங்கே கடல், தொடர்மாடிகளுக்குப் பின்னால் ரயில் பாதைக்கு அப்பால் இருக்கிறது. மீனோ பேலியகொடைச் சந்தையிலிருந்து லொறியில் வருகிறது. அல்லது ஏ-9 வீதி வழியாக யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் ஐஸ் பெட்டியில் வருகிறது. ‘ஊர் மீன் இருக்கா தம்பி?’ என்று கேட்டு, கூடுதல் விலை கொடுத்து வாங்குவோர் அங்கு நிறைய. விளை, ஒட்டி, ஓரா, திரளி என்று பழகிய நாக்குகள் கொழும்புக்கு வந்து கெலவல்லா, பலயா, தலபத், லின்னா என்று சிங்களப் பெயரில் மீன் கேட்கவும் பழகிவிட்டன. மொழிப் பிரச்சினைக்கு மீன் கடையில் எப்போதோ தீர்வு கண்டாகிவிட்டது என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்தத் தட்டில் கிடக்கும் மீன் எந்தக் கரையில் ஏறியது, அதைப் பிடித்தவருக்கு என்ன கிடைத்தது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. விற்பவருக்கும் பல வேளைகளில் தெரியாது.

இலங்கை மக்கள் உண்ணும் விலங்குப் புரதத்தில் ஏறக்குறைய பாதி, அல்லது அதற்கும் மேல், மீனிலிருந்தே கிடைக்கிறது. இறைச்சியும் முட்டையும் பாலும் எட்டாத வீடுகளில் இந்தப் பங்கு இன்னும் பெரிது. அந்த வீடுகளுக்குச் செல்லும் மீன் ஏற்றுமதிக்காரர் தேடும் மீன் அல்ல. சூடை, சாளை, கீரி, நெத்தலி, கும்பளா போன்ற சிறு மீன்களே அங்கு போகின்றன. முள்ளோடு மென்று தின்னக்கூடிய இம்மீன்களில் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்தும் நல்ல கொழுப்பும் உண்டு. கர்ப்பிணித் தாய்க்கும் வளரும் பிள்ளைக்கும் மருத்துவ மாதர் பரிந்துரைக்கும் உணவு இதுவே. இவற்றில் பெரும்பகுதியைக் கரைக்குக் கொண்டுவருபவர், மாலையில் போய் விடியலில் திரும்பும் சிறு வள்ளக்காரர். பலநாட் படகுகள் வாரக் கணக்கில் ஆழ்கடலில் நின்று சூரையும் கெலவல்லாவும் கொண்டுவருகின்றன. அவற்றில் தரமானவை விமானம் ஏறுகின்றன. ஐஸில் நாட்பட்டவை உள்ளூர்ச் சந்தைக்கு வருகின்றன. பலநாட் படகு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதில் வேலை செய்பவரும் நம் மக்களே. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்து, நிறை கூடியது எதுவோ அதற்கே திட்டமும் கடனும் என்று முடிவு செய்வதில் ஓர் அநீதி இருக்கிறது.

அந்த அநீதி வெளிச்சத்துக்கு வந்த ஆண்டு 2022. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் நுகர்வோர் விலைச் சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. நாட்டில் 63 இலட்சம் பேர் போதிய உணவின்றி இருப்பதாக உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து மதிப்பிட்டன. மலிவான புரதம் எது என்று வீட்டுக்கு வீடு தேடிய நேரம் அது. அந்த நேரத்தில் சிறு வள்ளங்கள் கரையில் கிடந்தன. முதலில் மண்ணெண்ணெய் இல்லை. கலன்களை வரிசையில் வைத்துவிட்டு இரவெல்லாம் காத்திருந்தார்கள். பிறகு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் வந்தது. ஆனால் லீற்றர் 87 ரூபாவாக இருந்தது ஒரே இரவில் 340 ரூபா ஆயிற்று.

இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி இழை வள்ளம் ஒன்று, வெளியிணைப்பு இயந்திரம், ஒரு நாள் ஓட்டத்துக்கு இருபது லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். முன்பு 1,740 ரூபா. அந்த விலையேற்றத்துக்குப் பின் 6,800 ரூபா. இதனை யார் ஏற்பது? நமது கரைகளில் பங்கு முறை இடத்துக்கிடம் வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றே. மீன் விற்ற பணத்தில் முதலில் எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழிக்கப்படும். மிஞ்சியதில்தான் வள்ளத்துக்கும் வலைக்கும் இயந்திரத்துக்கும் ஒரு பங்கு, தொழிலுக்குப் போனவர்களுக்கு ஒரு பங்கு. ஆகவே எண்ணெய் விலை ஏறும்போது வள்ளக்காரருக்கும் நட்டம், கூலிப் பங்குக்குப் போகிறவருக்கும் நட்டம். வள்ளக்காரருக்கு வள்ளமாவது மிஞ்சும். பங்குக்குப் போகிறவருக்கு வெறுங்கையே மிஞ்சும். மீன் கொஞ்சமாகப் பட்ட நாளில் பங்கு என்ற பேச்சே எழாது. அப்படி நாலு நாள் போனால் ஐந்தாம் நாள் கடலுக்குப் போகாமல் கட்டட வேலைக்குப் போகலாம் என்று தோன்றும். எத்தனையோ பேர் அப்படியே போனார்கள். மீன்பிடிப் படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு வெளிநாட்டுக் கரை தேடிப் போனதும் அதே ஆண்டில்தான்.

மலிவு மண்ணெண்ணெயைப் பலர் துஷ்பிரயோகம் செய்தார்கள் என்பது உண்மை. டீசலோடு கலந்து விற்றவர்களும் இருந்தார்கள். அடக்கவிலைக்கு ஏற்பவே எரிபொருள் விற்கப்பட வேண்டும் என்று சர்வதேச நாணய நிதியத்தோடு பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. அரசு சொன்ன நியாயத்தை நாம் முழுதாகத் தள்ளவில்லை. எல்லாருக்கும் மலிவு என்பதை விட்டு, தேவையானவருக்கு நேரடி உதவி என்ற வழிக்கு வருவோம் என்றார்கள். நல்லது. ஆனால் அதே 2022இல், சில கிழமைகளுக்குள், கார், முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள் அனைத்துக்கும் கியூ.ஆர். குறியீடு வழங்கி, வாராந்தப் பங்கீட்டை நாடெங்கும் நடத்திக் காட்டினார்கள். வீதியில் ஓடும் வாகனத்துக்கு ஒரு மாதத்தில் செய்ய முடிந்ததை, பதிவிலக்கம் நெற்றியில் எழுதியிருக்கும் வள்ளத்துக்கு ஏன் அதே வேகத்தில் செய்ய முடியவில்லை? 2024 ஒக்டோபரில் மீனவருக்கு எரிபொருள் மானியம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதுவும் குறித்த மாதங்களுக்கு மட்டும். பருவத்தை நம்பி வாழும் தொழிலுக்குத் தவணை முறையில் இரக்கம் காட்டுவது போதாது. வள்ளத்தின் இயந்திர வலுவுக்கு ஏற்ப, ஆண்டு முழுவதும் நிலையான ஓர் அளவை நிர்ணயித்து அந்த அளவுக்கு மட்டும் விலைக் கழிவு கொடுக்கலாம். அதற்கு மேல் வாங்குபவர் சந்தை விலை கொடுக்கட்டும்.

அரசால் விரைந்து இயங்க முடியாது என்பதில்லை. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்ற குற்றச்சாட்டில் ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் நமது மீன் இறக்குமதியைத் தடை செய்தது. உடனே பலநாட் படகுகளுக்குச் செய்மதிக் கருவி பொருத்தப்பட்டது, சட்டம் திருத்தப்பட்டது, 2016 ஜூனில் தடை நீங்கியது. ஏற்றுமதி என்றால் கோப்பு நடக்கிறது. சாலயா மீன் என்றால் கோப்பு தூங்குகிறது.

அடுத்து எக்ஸ்பிரஸ் பேர்ள். 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த அக்கப்பலில் தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள் அதில் இருந்தன. இருபத்தைந்து தொன் நைத்திரிக் அமிலம் ஒரு பக்கம். ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் இன்னொரு பக்கம். ஜூன் 2ஆம் திகதி கப்பல் அமிழத் தொடங்கியது. நீர்கொழும்பு முதல் களுத்துறை வரை மீன்பிடி தடை செய்யப்பட்டது. கரையில் பனி பெய்தது போல் வெள்ளை மணிகள் குவிந்தன. ஆமைகள் செத்து ஒதுங்கின. மீனுக்குள் பிளாஸ்ரிக் இருக்குமோ அமிலம் இருக்குமோ என்ற அச்சத்தில் தடையில்லாத கரையிலிருந்து வந்த மீனையும் மக்கள் தவிர்த்தனர்.

இந்த அச்சம் அப்போதுதான் முதன்முறை வந்ததும் அல்ல. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கோவிட் கொத்தணி கண்டுபிடிக்கப்பட்டபோது, மீனைத் தொட்டாலே நோய் வரும் என்ற கதை ஊரெங்கும் பரவியது. மீன் அழுகிக் கொட்டப்பட்டது. முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். சிரிப்பதற்கு உரிய காட்சிதான். ஆனால் அவர் கடித்த காரணம் சிரிப்பதற்கு உரியதல்ல. மத்திய சந்தை ஒன்று மூடினால் நாடு முழுவதும் மீன் வியாபாரம் நின்றுவிடும் என்ற நிலைமைக்கு நாம் வந்திருக்கிறோம். முகத்துவாரத்தில் ஏறிய மீன் கொட்டாஞ்சேனைக்கு வர பேலியகொடை சுற்றித்தான் வரவேண்டுமா?

கப்பலின் கதைக்குத் திரும்புவோம். கப்பல் உரிமையாளரின் பொறுப்பை இலண்டன் நீதிமன்றம் 2023இல் 1.9 கோடி பவுணுக்குள் மட்டுப்படுத்தியது. நமது உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 24ஆம் திகதி தீர்ப்பளித்து 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது. அவ்வழக்கின் மனுதாரர்களுள் சுற்றாடல் அமைப்பும், மீனவரும், கொழும்புப் பேராயரும் இருந்தனர். அத்தொகையைச் செலுத்தப் போவதில்லை என்று நிறுவனத்தின் தலைமை அதே ஆண்டு செப்டெம்பரில் வெளிப்படையாகவே சொன்னது. பணம் வருமா, எப்போது வரும் என்பதை வழக்கறிஞர்கள் பார்ப்பார்கள். நமக்கு இருக்கும் கவலை வேறு. வந்தால் அது யாரிடம் போகும்?

நட்டஈடு பதிவேட்டின் வழியே நடக்கும். வள்ளத்துக்குப் பதிவு உண்டு. வள்ளக்காரருக்கு அடையாள அட்டை உண்டு. நீர்கொழும்புக் கரையில் பாய் விரித்து மீனைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் திருப்பித் திருப்பிப் போடும் பெண்ணுக்கு என்ன உண்டு? அன்றாடம் கூறல் இடத்தில் பத்துக் கிலோ வாங்கி, கூடையில் சுமந்து வீடு வீடாக விற்கும் பெண்ணுக்கு? வலை பொத்துகிறவருக்கு? சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி வத்தளையிலும் கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலும் கூவி விற்கும் இளைஞருக்கு? கடல் மூடியபோது இவர்கள் அனைவரின் அடுப்பும் சேர்ந்தே மூடியது. மீன்பிடி என்றால் கடலில் ஆண் செய்யும் வேலை என்ற பழைய எண்ணம் நமது புள்ளிவிபரங்களில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. உணவு விவசாய நிறுவனமும் டியூக் பல்கலைக்கழகமும் வேர்ல்ட்ஃபிஷ் நிறுவனமும் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகின் மீன்பிடிப்பில் குறைந்தது 40 சதவீதம் சிறு மீன்பிடியிலிருந்து வருகிறது. அத்தொழிலில் ஈடுபட்டோரில் பத்துக்கு நால்வர் பெண்கள்.

நீர்கொழும்பைச் சொன்னதால் அங்குள்ள களப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். களப்பு வாயிலில் கம்பு நட்டு வலை கட்டி, வற்றுநீரோடு இரவில் கடலுக்குத் திரும்பும் இறாலைப் பிடிக்கும் முறை ஒன்று அங்கு உண்டு. சிங்களத்தில் கட்டுதெல் என்பார்கள். துவ, பிட்டிபன, பெரிய தெரு, கடற்கரைத் தெரு ஆகிய நான்கு இடங்களின் சங்கங்களுக்கே அந்த உரிமை. எந்த இரவு எந்தச் சங்கத்துக்கு என்பது முறை வைத்து வரும். சங்கத்துக்குள் எந்த இடம் எவருக்கு என்பது சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கப்படும். இறால் அதிகம் விழும் இடம் என்றும் ஒருவருக்கே சொந்தமாவதில்லை. தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியிலிருந்து எந்த நிபுணரும் வரவில்லை. களப்பின் இறால் ஓர் எல்லைக்கு மேல் பிடிபடாமல் இருப்பதற்கும், சண்டை சச்சரவு கட்டுக்குள் இருப்பதற்கும் இந்த முறையே காரணம் என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இம்முறை எல்லாருக்கும் நீதியானது என்று நாம் சொல்லவரவில்லை. உரிமை பரம்பரையாக வருகிறது. கத்தோலிக்க ஆண்களுக்கே வருகிறது. களப்பைச் சுற்றிப் புதிதாகக் குடியேறிய ஏழைகளுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. பழைமை என்பதாலேயே ஒன்றைப் போற்றுவது நமது வேலையல்ல. ஆயினும் மீனவர் தாமே சட்டம் ஆக்கவும், அதனைக் காக்கவும், மீறியவரைத் தண்டிக்கவும் வல்லவர்கள் என்பதற்கு நாட்டின் பிரதான விமான நிலையத்திலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் ஒரு சான்று இருக்கிறது. அதனை விட்டுவிட்டு, ‘மீனவருக்கு விழிப்புணர்வு ஊட்டுதல்’ என்று கருத்தரங்கு நடத்திக்கொண்டிருக்கிறோம். 2011இல் அதே களப்பில் நீர் விமானம் இறக்கும் திட்டம் வந்தபோது களப்பு மீனவர் தெருவுக்கு வந்து அதைத் தடுத்து நிறுத்தினார்கள். அவர்களுக்கு எந்தக் கருத்தரங்கு தேவைப்பட்டது?

களப்புக்கு உள்ள இந்த எழுதப்படாத உரிமை, திறந்த கரைக்கு இல்லை. கரைவலைப் பாட்டுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கப்படுகிறது. ஆனால் வள்ளம் இழுத்து வைக்கும் மணலுக்கும், வலை உலர்த்தும் இடத்துக்கும், கருவாடு போடும் வெளிக்கும் பெரும்பாலும் எழுத்தில் எதுவும் இல்லை. இதனால் யார் வந்து கேட்டாலும் முதலில் போவது அந்த மணல்தான். கடற்கோளுக்குப் பின் 2005இல் தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்றார்கள். பிறகு அதனைத் தளர்த்தினார்கள். இதற்கிடையில் இடம் இழந்தவர்கள் பலர் தொழிலையும் இழந்தார்கள். கடலில் 269 ஹெக்டேயர் நிலம் நிரப்பி எழுப்பிய கொழும்புத் துறைமுக நகரத்துக்கு மணல் கடலடியிலிருந்தே எடுக்கப்பட்டது. மீன் தங்கும் இடங்கள் கெட்டுப்போகின்றன என்று நீர்கொழும்பு மீனவரும் அவர்களோடு நின்ற குருக்களும் சொன்ன முறைப்பாட்டுக்கு அக்காலத்தில் உரிய பதில் கிடைக்கவில்லை என்பதே நமது கருத்து. வடக்கில் இரணைதீவு மக்கள் 1992இல் இடம்பெயர்ந்தவர்கள். ஓராண்டுக்கு அண்மித்த போராட்டத்துக்குப் பின், 2018 ஏப்ரல் 23ஆம் திகதி யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் வெள்ளைக்கொடி கட்டிய வள்ளங்களில் தங்கள் தீவில் போய் இறங்கினார்கள். கரை இல்லாத மீனவருக்குக் கடல் இருந்து பயனில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பாக்கு நீரிணையின் இழுவைப்படகுப் பிரச்சினை பற்றி இவ்விடத்தில் விரித்து எழுத இடமில்லை. 2017இல் நமது பாராளுமன்றம் இழுவைமடி மீன்பிடியைச் சட்டத்தால் தடை செய்தது. சட்டம் கரையில் நிற்கிறது. தமிழ்நாட்டுப் படகுகள் வருவது நிற்கவில்லை. உள்ளூரிலும் ஒரு சிலர் விடவில்லை. இழுவைமடி ஒரு முறை போனால் கடலடியில் இருந்ததெல்லாம் போகும். அதனை இழுப்பவரும் ஏழைத் தமிழர், அதனால் வலை அறுந்து நிற்பவரும் ஏழைத் தமிழர் என்பது இதில் உள்ள கொடுமை. அந்தப் படகுகளின் சொந்தக்காரர் பெரும்பாலும் அவற்றில் ஏறுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அக்கரையில் நாம் கற்கவேண்டியதும் உண்டு. கேரளத்தில் இழுவைப்படகுகளுக்கு எதிராகச் சிறு மீனவர் எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்தே திரண்டனர். அருட்சகோதரிகளும் குருக்களும் அவர்களோடு உண்ணாநோன்பு இருந்தனர். இரட்சகர் சபைக் குருவும் வழக்கறிஞருமான தாமஸ் கோச்சேரி அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றவர், 2014இல் காலமானார். 1988இல் மழைக்கால இழுவைத் தடை அங்கு நடைமுறைக்கு வந்தது. இவை எல்லாரும் அறிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாதது, அதே காலத்தில் கரையில் அமைதியாக நடந்த வேலை. திருவனந்தபுரத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஊர் ஊராக மீனவர் சங்கங்கள் எழுந்தன. 1980இல் அவை தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாயின. சங்கம் செய்தது ஒரே ஒரு காரியம். கரையில் ஏலம் கூறுபவரைச் சங்கமே நியமித்தது. மீன் சங்கத்தின் கூறலில்தான் விற்கப்பட வேண்டும். விற்ற தொகையில் ஒரு சிறு பகுதி கடனுக்கு, ஒரு சிறு பகுதி சேமிப்புக்கு, ஒரு சிறு பகுதி சங்கச் செலவுக்கு. மீதி மீனவர் கையில். மீன் அதிகம் பட்ட நாளில் கடன் அதிகம் குறையும்; படாத நாளில் யாரும் வாசலில் வந்து நிற்கமாட்டார்கள். முதலாளியின் முற்பணத்துக்குப் பதிலாகச் சங்கத்தின் முற்பணம் வந்தது. ஆனால் அம்முற்பணத்தோடு விலையைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அதன் பிறகே அவர்கள் வள்ளம் கட்டவும் இயந்திரம் திருத்தவும் தொடங்கினார்கள்.

நமது நாட்டில் இதற்கு நேர்மாறாக நடந்தது. முதலில் வள்ளம் கொடுத்தோம், பிறகு சங்கம் வைத்தோம், விற்பனையைப் பற்றிப் பேசவே இல்லை. 2004 டிசம்பர் கடற்கோளில் நாட்டின் மீன்பிடிக் கலங்களில் முக்காற் பங்களவு அழிந்தன அல்லது சேதமடைந்தன. உலகம் முழுவதிலிருந்தும் உதவி வந்தது. சில ஊர்களில் முன்பு இருந்ததைவிட அதிகமான சிறு வள்ளங்கள் வந்து இறங்கின. அவற்றுள் கடலுக்கு ஏற்காதவையும் இருந்தன. வள்ளத்தின் பக்கத்தில் கொடுத்த நிறுவனத்தின் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. ஐஸ் அறைக்கும் கூறல் கொட்டகைக்கும் பணம் கேட்டால், படம் எடுக்கத் தோதாக இல்லை என்பதுபோல் பின்வாங்கினார்கள். கூட்டுறவுச் சங்கங்களோ, ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் ஆட்சியில் இருப்பவரின் நிறத்துக்கு மாறும் சங்கங்களாகிவிட்டன. மீனைக் கரையில் நியாய விலைக்கு வாங்கி நகரத்து மக்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுப்பதற்கென 1964இல் தொடங்கிய மீன்பிடிக் கூட்டுத்தாபனமும் நாளடைவில் நட்டக் கணக்காகிவிட்டது. கூட்டுறவு என்ற எண்ணம் தவறு என்று இதிலிருந்து முடிவுகட்டுவோர் உண்டு. நமக்கு அது ஏற்புடையதல்ல. கூறல் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் மீனவர் இருக்கிறார். அதனை விட்டுவிட்டு நடத்தும் கூட்டுறவு, கூட்டம் நடத்தும் கூட்டுறவே.

இவ்விடத்தில் தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெயர் சந்திரிகா சர்மா. சென்னையில் அலுவலகம் கொண்ட, மீன்பிடித் தொழிலாளருக்கு ஆதரவான சர்வதேச அமைப்பின் நிறைவேற்றுச் செயலாளராக இருந்தவர். சிறு மீனவருக்கென உலக நாடுகள் ஏற்கத்தக்க நெறிமுறைகள் வேண்டும் என்று பல ஆண்டுகள் உழைத்தார். 2014 மார்ச் 8ஆம் திகதி உணவு விவசாய நிறுவனத்தின் மாநாடு ஒன்றுக்காக மொங்கோலியா செல்லும் வழியில், காணாமற்போன மலேசிய விமானத்தில் அவர் இருந்தார். மூன்று மாதங்களின் பின் ஜூன் மாதத்தில் உரோமையில் அந்நெறிமுறைகள் ஏற்றுக்கொள்ளப்பட்டு, அவர் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. கரையிலும் கடலிலும் உள்ள வழக்காற்று உரிமைகளை மதித்தல், மீன் பிடிப்போரோடு பதப்படுத்துவோரையும் விற்போரையும் சேர்த்து எண்ணுதல், பெண்களுக்குத் தீர்மானங்களில் இடம், உள்ளூர் உணவுக்கு ஊறு செய்யாத ஏற்றுமதி எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. கட்டாயச் சட்டம் அல்ல, விரும்பி ஏற்பது. விரும்புவதற்கு யாராவது நெருக்குதல் கொடுக்க வேண்டும்.

கொழும்புக்குள் செய்யத்தக்கவை உண்டு. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள பொதுச் சந்தைகளில் ஒரு தட்டை, ஒரே ஒரு தட்டை, கரையோர மீனவர் சங்கங்களுக்குக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கும்படி மாநகர சபையைக் கேட்கலாம். காலை ஆறு மணிக்கு முகத்துவாரத்தில் ஏறும் சாளையும் கும்பளாவும் ஏழரைக்குத் தோட்டத்து வீடுகளுக்கு எட்டும். ‘ஊர் மீன்’ தேடும் வெள்ளவத்தைக்காரர், மன்னாரிலோ குருநகரிலோ உள்ள சங்கம் ஒன்றிலிருந்து நேரே ஐஸ் பெட்டி எடுக்கலாம். தொடர்மாடி ஒன்றில் இருபது வீடுகள் சேர்ந்தாலே அது போதும். கூடுதல் விலை கொடுக்கத்தான் அவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்களே, அது லொறிக்காரர் மட்டும் பங்கிடும் கூடுதலாக ஏன் இருக்கவேண்டும்?

நீர்கொழும்பு முதல் களுத்துறை வரை கரையோரப் பங்குகளில் பணிபுரியும் சமூக நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள். நட்டஈடு எப்போது வந்தாலும் பட்டியல் கேட்கும் நாள் திடீரென்றே வரும். அன்று ஓடியாடி எழுதும் பட்டியலில் செல்வாக்குள்ளவர் பெயரே முதலில் ஏறும். ஆகவே இப்போதே எழுதத் தொடங்குங்கள். கருவாடு போடுவோர், கூடையில் விற்போர், வலை பொத்துவோர், பங்குக்குப் போவோர் ஆகியோரை வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். பெயர், செய்யும் தொழில், எந்தக் கரை, எத்தனை ஆண்டாகச் செய்கிறார், 2021 மே மாதத்துக்கு முன் ஒரு நாளில் சராசரியாக என்ன உழைத்தார், கடல் மூடிய பின் எத்தனை நாள் தொழில் இல்லை, அதை அறிந்த அயலவர் இருவரின் கையொப்பம். ஒரு பள்ளிக்கூடக் கொப்பி போதும். ஒவ்வொரு பக்கத்தையும் உரியவருக்கு வாசித்துக் காட்டி, அவரிடமும் கையொப்பம் வாங்கி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.